லிமெரிக் ஜங்ஷன் வழியாக ஓர் அகதி வழக்கு

அயர்லாந்துக்கு நான் ஒருநாளும் போனதில்லை. ஆனால் அந்த நாட்டு ரயில்களால் என் மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் பதினொரு மாதம் கூடுதலாகக் கிடந்தார்கள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு நீங்கள் சிரிக்கிற இடத்தில் சிரிக்கலாம், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ரயில் விசர், அதாவது ரயில் பைத்தியம், எனக்குச் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது. கொடிகாமத்தில் எங்கள் வீடு ஸ்டேஷனுக்குப் பின்பக்கம். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் ஐந்தடி ஆறங்குலம், எந்த எஞ்சின் எந்த நாட்டில் செய்தது, கொழும்பு மெயில் எத்தனை நிமிஷம் பிந்தியது, எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். (பள்ளிக்கூடப் பாடம் மட்டும் ஏறவில்லை.) ஒன்ராறியோ என்ற பெயரை நான் முதன்முதலில் பார்த்தது உலகப் படத்தில் அல்ல. கனடா அன்பளிப்பாகக் கொடுத்த எஞ்சின் ஒன்றின் பக்கத்தில் அந்தப் பெயர் எழுதியிருந்தது. கலியாணம் பேசி முடிந்து, வசந்தியோடு தனியாகக் கதைக்கக் கிடைத்த முதல் பத்து நிமிஷத்தையும் நான் அந்த எஞ்சினுக்கே செலவழித்தேன். அதற்குப் பிறகும் அவள் என்னைக் கட்டியது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்டால் அவளுக்கும் விளங்கவில்லை என்கிறாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தேன். வசந்தியும் கைக்குழந்தை அபியும் கொழும்பில் நின்றார்கள். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவருக்குக் கொடுக்க இருந்த காசு ஒரு ஆளுக்குத்தான் காணும். நான் முதலில் போய், அகதியாக ஏற்றுக்கொண்டதும் அவர்களைக் கூப்பிடுவது என்று ஏற்பாடு. எனவே எனக்குக் கனடாவில் செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: விசாரணை அறைக்குப் போய், நடந்ததைச் சொல்லி, ஓம் என்ற பதிலோடு திரும்பி வருவது.

ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம், ஒரு வீட்டின் பேஸ்மென்றில் குணம் அண்ணையோடு தங்கினேன். குணம் அண்ணை என் பெரியம்மாவின் மகன். இரண்டு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினார். கழுவாத நேரத்தில் எனக்குப் புத்தி சொன்னார். எங்களுக்கு முன்பு அந்த அறையில் ஒரு வயதான ஐரிஷ்காரர் இருந்து, அங்கேயே காலமாகிவிட்டாராம். அவருடைய கட்டிலில் நான் படுத்தேன். ஹீற்றருக்குப் பக்கத்தில் அவர் விட்டுப்போன மட்டைப்பெட்டி ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. திறந்து பார்த்தால், தட்டச்சில் அடித்துக் கம்பி குத்திய தாள்கள், கட்டுக் கட்டாக. எல்லாம் அயர்லாந்து ரயில்களையும் டிராம்களையும் பற்றி. எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. ஒவ்வொரு கட்டின் கடைசியிலும் ‘உங்கள் பணிவுள்ள பயணி’ என்று மட்டும் இருந்தது.

பெரிய புதையல் எடுத்தவன் போலக் குணம் அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“செத்த மனுசன்ரை பேப்பர். உதைக் குப்பையிலை போடு,” என்றார் அவர்.

போடவில்லை. ஓர் அகராதியை வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு தாள் வீதம் வாசித்தேன். மற்றவர்கள் இரவு வகுப்புக்குப் போய், ‘குட் மோர்னிங், ஹவ் ஆர் யூ’ என்று ஆங்கிலம் படித்தார்கள். நான் ஆங்கிலம் படித்தது பணிவுள்ள பயணியிடம்.

அந்த மனிதர் நாற்பது வருடம் ரயிலுக்குக் காத்திருந்தே வாய் புளித்தவர். ஒரு சொல்லையும் நேராகச் சொல்லமாட்டார். அயர்லாந்தில் தண்டவாள அகலம் ஐந்தடி மூன்றங்குலமாம். மற்ற நாடுகளின் வண்டிகள் தவறுதலாகக்கூட உள்ளே வந்துவிடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் அப்படி வைத்தார்கள் என்று எழுதியிருந்தார். கெரி மாவட்டத்தில் முன்பு ஒற்றைத் தண்டவாள ரயில் ஒன்று ஓடியதாம். தண்டவாளம் நடுவில் உயரத்தில், பெட்டி இரண்டு பக்கமும் கழுதைப் பொதி போலத் தொங்கும். ஒரு பக்கம் பியானோ ஏற்றினால் மறுபக்கம் மாடு ஏற்றவேண்டும். திரும்பி வரும்போது மாட்டுக்குச் சமமாக இரண்டு கன்று. அதற்குப் பிறகு கன்றுகளைப் பக்கத்துக்கு ஒன்றாக ஏற்றித் திருப்பி அனுப்பவேண்டும். ஃபின்ரோனா என்ற ஊரில் டிராமைக் குதிரை இழுத்தது. குதிரைகள் மாறினாலும் குதிரையின் பெயர் மாறவில்லை. டப்ளினில் டிராம்களை ஒரேயடியாகக் கழற்றி எறிந்துவிட்டு, ஏன் எறிந்தோம் என்று அன்றிலிருந்து கூட்டம் போட்டுக் கதைக்கிறார்கள். லிமெரிக் ஜங்ஷன் லிமெரிக்கில் இல்லை. வண்டி அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போய் நின்று, பிறகு பின்பக்கமாக வந்துதான் மேடையைத் தொடும்.

அந்த நாட்டிலும் ஒரு வெக்ஸ்போர்ட் இருந்தது. அங்கே ரயில் கடற்கரைத் தெருவில், கடைகளுக்கு முன்னால் ஊர்ந்து போகுமாம். எங்கள் வெக்ஸ்போர்ட்டில் பஸ்ஸே ஒழுங்காக வராது. ஆனாலும் எனக்கு அதில் ஒரு சொந்தம் தட்டுப்பட்டது.

ஒரு வருடத்தில் எனக்கு ஆங்கிலம் வந்துவிட்டது. ஆனால் அது பணிவுள்ள பயணியின் ஆங்கிலம். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் “எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டால், “புறப்பட்டுவிட்டேன், சேருவேன் என்று உத்தரவாதம் இல்லை” என்பேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடுவார். என் ஆங்கிலத்தின் ஆழத்தைக் கண்டு மலைத்துப்போகிறார் என்று நினைத்துக்கொள்வேன். (இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.)

இனி துரை மாஸ்டர். அகதி விண்ணப்பத்தோடு, ஏன் வந்தோம், எப்படி வந்தோம் என்று எங்கள் கதையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். வெக்ஸ்போர்ட்டைச் சுற்றியிருந்த பாதிப் பேருக்குக் கதை எழுதிக் கொடுத்தவர் துரை மாஸ்டர். நல்ல மனிதர், தேத்தண்ணி தராமல் அனுப்பமாட்டார். கொஞ்சம் அவசரக்காரர், அவ்வளவுதான். முன்பு வந்தவர்களுக்கு எழுதிய கதையின் பிரதி ஒன்றை வைத்திருந்தார். பெயர், ஊர், மாதம், செத்தவர்களின் உறவுமுறை ஆகியவற்றை மட்டும் மாற்றுவார். நான் சொல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டு போனார். வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்தபோது ஒரு வரியில் கண் நின்றது: ‘ஐப்பசி மாதம் யாழ்ப்பாணத்தில் இருந்து ரயிலில் கொழும்பு வந்தேன்.’

யாழ்ப்பாண ரயில் சண்டையால் தொண்ணூறோடு நின்றுவிட்டது. நாங்கள் புறப்பட்ட ஐப்பசியில் கொடிகாமம் ஸ்டேஷனில் ஆட்டுக்குட்டிதான் படுத்திருந்தது. நாங்கள் வந்த விதம் வேறு. கொம்படிப் பாதையில், கடல்நீரேரிக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில், எட்டு மாதப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தோம். வசந்தி என் பெல்ற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். தூரத்தில் இருந்து ஆமிக்காரர் சுட்டார்கள். எங்களுக்கு வலப்பக்கம் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த மனிதர் கரைக்கு வரவில்லை. அபி அழவே இல்லை. அழாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. கரை ஏறியதும் அவளை உலுப்பி உலுப்பி அழ வைத்தேன்.

திரும்பத் துரை மாஸ்டரிடம் போனேன். “மாஸ்டர், நாங்கள் ரெயினிலை வரேல்லை. ரெயினே இல்லை.”

“தம்பி, நீர் கொழும்புக்கு வந்தனீர்தானே?”

“ஓம்.”

“பிறகென்ன? நான் எல்லாருக்கும் ரெயின் எண்டுதான் எழுதுறனான். இண்டைவரைக்கும் ஒரு நாய் கேக்கேல்லை. தண்ணி, வள்ளம் எண்டு எழுதினால் உவங்கள் நூறு கேள்வி கேப்பாங்கள். உதிலை ஒரு கையெழுத்தைப் போடும்.”

போட்டேன். மாஸ்டரை எதிர்த்துக் கதைத்துப் பழக்கம் இல்லை. தவிர, அவர் பெண்சாதி அப்போதுதான் வடை கொண்டுவந்து வைத்தார்.

விசாரணைக்கு முதல்நாள் என் லோயரைச் சந்தித்தேன். களைத்த முகமுள்ள வெள்ளைக்காரப் பெண்மணி. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: “கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். படிவத்தில் ஏதாவது பிழை இருந்தால் இப்போதே சொல்லுங்கள், தொடக்கத்திலேயே திருத்திவிடலாம்.” ரயில் என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பிழை என்று சொன்னால் மாஸ்டரைக் காட்டிக்கொடுத்தது ஆகுமே, அவரிடம் எழுதிய மற்றவர்களின் வழக்கும் குழம்புமே என்று பயந்தேன். “எல்லாம் தண்டவாளத்தில்தான் இருக்கிறது” என்றேன். பணிவுள்ள பயணிகூட அந்த இடத்தில் வாயை மூடியிருப்பார்.

மறுநாள் குணம் அண்ணை தன் கோட்டைத் தந்தார். கைகள் நீளம், தோள் இறக்கம். நடு நகரத்தில் உயரமான கட்டடம், சின்ன அறை, நீள மேசை, ஒலிப்பதிவுக் கருவி. எதிரே வழக்கைத் தீர்மானிக்கும் இரண்டு பேர்: ஓர் அம்மையார், ஒரு பெரியவர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், எங்கள் ஆள்தான், கண்ணாடி போட்ட ஒரு அன்ரி.

“மொழிபெயர்ப்பு வேண்டுமா?” என்று அம்மையார் கேட்டார்.

“தேவையில்லை. என் ஆங்கிலம் இப்போது நேரத்துக்கு ஓடுகிறது,” என்றேன்.

லோயரின் பேனா நின்றது. அன்ரி என் பக்கம் மெல்லச் சரிந்து, “தம்பி, உங்களுக்கு விசரே?” என்றார். அம்மையார், எதற்கும் அன்ரி இருக்கட்டும், தமிழில் ஏதும் சொன்னால் ஆங்கிலத்தில் சொல்லட்டும் என்றார்.

அப்போதுதான் பெரியவருக்கு முன்னால் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தேன். ‘ஓ’ என்று தொடங்கும் பெயர். ஐரிஷ்! பணிவுள்ள பயணியின் தாள்களில் அப்படிப்பட்ட ஸ்டேஷன் மாஸ்டர்கள் எத்தனை பேர்!

எங்கட ஆக்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் இருவர் முதல்முறை சந்தித்தால் பெயர் கேட்கமாட்டோம், ‘எந்த ஊர்?’ என்றுதான் கேட்போம். ஊர் வந்தால் பள்ளிக்கூடம் வரும், கோயில் வரும், யாரோ ஒரு சின்னம்மா வருவார், ஐந்து நிமிஷத்தில் சொந்தம் வந்துவிடும். சொந்தம் வந்தபிறகு யார் யாரைத் திருப்பி அனுப்புவார்கள்? பல்வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டே ஊர் கேட்டவர்களை எனக்குத் தெரியும். எனவே, அந்த ஐரிஷ் பெரியவரிடம் ஊர் கேட்டுவிட்டால் என் வழக்கு பாதி வென்ற மாதிரித்தான் என்று என் மூளை எனக்குச் சொன்னது. அந்த மூளையை நான் இன்னும் வைத்திருக்கிறேன், மாற்ற வழியில்லை.

“ஐயா, நீங்கள் அயர்லாந்தில் எந்த ஊர்?” என்றேன்.

ஒலிப்பதிவுக் கருவி சுற்றுகிற சத்தம் கேட்டது.

“மன்னிக்கவேண்டும்?” என்றார் அவர்.

“எந்த ஊர்? பக்கத்து ஸ்டேஷன் பெயரைச் சொன்னாலும் போதும். தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, தண்டவாள அகலம் ஐந்தடி மூன்றங்குலம்தானே, நான் கண்டுபிடித்துவிடுவேன்.”

“இங்கே கேள்வி கேட்பது நாங்கள்,” என்றார் பெரியவர். மேசைக்குக் கீழே லோயரின் சப்பாத்து என் காலில் ஏறி நின்றது. அது அங்கிருந்து கடைசிவரை இறங்கவில்லை.

அம்மையார் தாளைப் புரட்டினார். “யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு ரயிலில் வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.”

என்னிடம் ரயிலைப் பற்றிக் கேட்டுவிட்டார்! அந்தக் கணத்தில் கையெழுத்து, துரை மாஸ்டர், படிவம், வடை எல்லாம் எனக்கு மறந்துபோயின. “இந்தக் கேள்வி லிமெரிக் ஜங்ஷன் போன்றது,” என்று தொடங்கினேன். “கொஞ்சம் தாண்டிப் போய்த்தான் பின்பக்கமாக வரவேண்டும்.” பிறகு தாண்டிப் போனேன். வாயாலேயே காங்கேசன்துறையில் ஏறி, ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்றேன். எஞ்சின்களின் பெயர் சொன்னேன். உங்கள் மாகாணத்தின் பெயரை நான் ஓர் எஞ்சினில்தான் முதலில் வாசித்தேன் என்றேன். ரொறன்ரோ டிராமுக்குத் தண்டவாளம் நாலடி பத்தே முக்கால் அங்குலத்துக்கும் சற்றுக் கூட, ஆகவே நீங்களும் நாங்களும் அயர்லாந்துக்காரரும் உலகத்தோடு ஒத்துப்போகாத கூட்டம் என்று சொல்லிச் சிரித்தேன். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. லோயர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷம் போயிற்று என்று பிறகு அவர் சொன்னார்.

கடைசியில் அம்மையார் கையை உயர்த்தினார். “பொதுவாக ரயில்களைப் பற்றி அல்ல. அந்த ஐப்பசி மாதம் நீங்கள் வந்த ரயிலைப் பற்றிக் கேட்கிறேன்.”

“ஐப்பசியா?” என்றேன். விசர் தலைக்கேறி நின்றது. “ஐப்பசியில் ரயில் ஏது? ரயில் நின்று அப்போது ஒரு வருடத்துக்கு மேல்! அந்த மாதம் யாழ்ப்பாணத்தில் ரயில் ஓடியது என்று எந்த மடையன் சொன்னான்?”

அம்மையார் தாளை என் பக்கம் திருப்பி, கீழே விரலை வைத்தார். “நீங்கள்தான்,” என்றார்.

என் கையெழுத்து. நல்ல வடிவான கையெழுத்து. ரொறன்ரோ நகரத்திலேயே, அந்த மாதம் ரயில் ஓடவில்லை என்று அங்குலக் கணக்கில் நிரூபிக்கக்கூடிய ஒரே மனிதன், தான் அதில் வந்ததாகக் கையெழுத்து வைத்திருந்தான். வாய் தன்பாட்டில் தமிழில் முணுமுணுத்தது: “உந்தத் துரை மாஸ்டரைக் கொல்லவேணும்.”

அன்ரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்து, நிமிர்ந்து இருந்து, தெளிவான ஆங்கிலத்தில் கடமையைச் செய்தார்: “துரை என்ற ஆசிரியரைக் கொலைசெய்ய வேண்டும் என்று இவர் சொல்கிறார்.”

பெரியவர் அதை எழுதிக்கொண்டார். “அந்த ஆசிரியர் யார்? அவரைக் கொல்ல உங்களுக்கு உத்தரவு இட்டது யார்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. சண்டை நடக்கிற எங்கள் நாட்டில் இருந்து வந்த ஒருவன் அப்படிச் சொன்னால் வேறு எப்படிக் கேட்பது?

அப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். இந்தக் கதையில் நான் என்னை மன்னிக்காத இடம் இதுதான். தண்ணீரைப் பற்றிச் சொல்ல என்னிடம் பணிவுள்ள பயணியின் ஆங்கிலம்தான் இருந்தது. ரயில் பிந்தியதைப் பற்றி நக்கலடிக்க மட்டும் படித்த ஆங்கிலம். அதில் பயத்துக்கு வார்த்தை இல்லை. “ரயிலுக்குப் பதிலாகச் சற்று ஈரமான மாற்றுப் போக்குவரத்து ஏற்பாடாகியிருந்தது,” என்றேன். “பயணிகளில் ஒருவர் வழியிலேயே இறங்கிவிட்டார்.” சைக்கிளோடு போன அந்த மனிதரைத்தான் அப்படிச் சொன்னேன். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு வேறு. அந்த ஆங்கிலம் வாயில் வந்தால் சிரிப்பும் கூடவே வந்துவிடும். நானாக அதை வரவழைக்கவில்லை.

விசாரணையை ஒத்திவைத்தார்கள். லோயர் வெளியில் வந்து, நடந்ததை நான் துண்டு துண்டாகச் சொல்லக் கேட்டு, சுவரில் சாய்ந்து நின்றார். “உங்கள் பிள்ளையைத் தோளில் வைத்து நடந்தீர்களா? எனக்கு ஏன் சொல்லவில்லை?” என்றார். “நீங்கள் சிரித்தீர்கள் என்று அவர்கள் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.” வீட்டுக்குப் போக மனமில்லாமல், கிடைத்த ஸ்ரீற்கார் டிராம் ஒன்றில் ஏறி ஒரு முனையில் இருந்து மறுமுனைவரை இரண்டு தடவை போய் வந்தேன். தண்டவாளம் வளைகிற இடத்தில் சில்லுக் கீச்சிடுகிற சத்தம் எனக்கு மிகப் பிடித்தது. அன்றைக்கு அந்தச் சத்தம் கேட்க அருவருப்பாக இருந்தது.

அடுத்த திகதி பதினொரு மாதம் கழித்து வந்தது. சனிக்கிழமை வசந்திக்குப் போன் எடுத்தேன்.

“என்னப்பா, எப்பிடிப் போச்சு?”

“தள்ளிப் போட்டிட்டினம்.”

“ஏனாம்?”

“ரெயினாலை.”

“கனடாவிலையும் ரெயின் பிந்துறதே?”

“இல்லை வசந்தி. நான் கதைச்சனான்.”

“எவ்வளவு நேரம்?” என்றாள். என்னைக் கட்டியவள், சரியான கேள்வியைத்தான் கேட்டாள்.

“நாப்பது நிமிஷம்.”

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். “அபி இப்ப நல்லாக் கதைக்கிறாள்,” என்றாள். “லொட்ஜுக்குப் புதுசா ஆர் வந்தாலும் போய் முன்னாலை நிண்டு, ‘நீங்கள் எந்த ஊர்?’ எண்டு கேக்கிறாள். எல்லாருக்கும் சிரிப்பு.”

என் ரத்தம் என்று பெருமைப்பட்டேன். வெட்கம் கெட்டவன்.

அந்தப் பதினொரு மாதத்தில் ஒருநாள் லொட்ஜில் சோதனை நடந்தது. அங்கே தங்க எடுத்த பொலிஸ் பதிவு சரியில்லை என்று வசந்தியையும் அபியையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய், விடியும்வரை மர வாங்கு ஒன்றில் இருத்தி வைத்தார்கள். இதை வசந்தி எனக்குச் சொல்லவில்லை. வேறொருவர் மூலம் குணம் அண்ணைக்குத் தெரிந்து, அவர் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, “உன்ரை ஐரிஷ் ரெயின்தான்ரா இதுக்குக் காரணம்,” என்றார். சொன்ன பிறகு தானே சங்கடப்பட்டு, எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் மட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு குப்பைத் தொட்டிவரை போனேன். போட மனம் வரவில்லை. பணிவுள்ள பயணியில் என்ன பிழை? அவர் தன் ரயிலைப் பற்றித்தான் எழுதினார், என் வழக்கைப் பற்றி அல்ல. பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, நாடாவால் ஒட்டி மூடிவைத்தேன்.

இரண்டாம் விசாரணைக்குத் துரை மாஸ்டரும் கடிதம் எழுதித் தந்தார், ரயில் என்று எழுதியது தன்னுடைய பிழை என்று. (தன்னைக் கொல்லப் போவதாக நான் சொன்ன செய்தி அவருக்கு எட்டியிருந்தது. கடிதம் மிகப் பணிவாக இருந்தது.) அதே அறை, அதே அம்மையார், அதே பெரியவர், அதே அன்ரி. இந்தமுறை நான் தமிழில் பேசினேன். “நாங்கள் தண்ணிக்குள்ளாலை நடந்து வந்தனாங்கள்” என்றேன். பிள்ளை தோளில், வசந்தி பின்னால், சைக்கிள்காரர் வலப்பக்கம். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பிள்ளையை உலுப்பி அழ வைத்ததைச் சொன்னபோது அன்ரி மொழிபெயர்க்காமல் நின்றுவிட்டார். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள். எல்லோரும் எழும்பும்போது, கருவியை நிறுத்திய பிறகு, பெரியவர் தன் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “கோர்க். என் பாட்டனாருடைய ஊர். நீங்கள் கேட்டீர்கள்.”

கோர்க் நகரத்தில் ரயில் தெருவுக்குள்ளால் ஓடிய கதை, பாலம் திறக்கிற கதை எல்லாம் என் வாய்க்குள் வந்து முட்டி நின்றன. நான் “நன்றி ஐயா” என்று மட்டும் சொன்னேன். லோயர் என் தோளில் தட்டினார்.

அதற்குப் பிறகு கடதாசி வேலைகள் முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. பங்குனி மாதத்தில், பனி இன்னும் விடாத ஒரு நாள், குணம் அண்ணையும் நானும் விமான நிலையத்தில் நின்றோம். நான் மீசையை எடுத்திருந்தேன். தலையில் கம்பளித் தொப்பி, உடம்பில் தலையணை போன்ற ஜக்கெற். லொட்ஜ் அறைச் சுவரில் வசந்தி ஒட்டி வைத்திருந்த படத்தில் இருந்தது மீசைக்காரன், வெள்ளைச் சேர்ட்டுக்காரன். அந்த மனிதன் அங்கே வரவில்லை.

வசந்தி வெளியே வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். என்னைக் கண்டதும் பைகளைக் கீழே வைத்துவிட்டு, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அவளுடைய சேலையைப் பிடித்தபடி நாலு வயது அபி. நான் குனிந்து கையை நீட்டினேன். அவள் பின்வாங்கினாள். என் தொப்பியைப் பார்த்தாள், ஜக்கெற்றைப் பார்த்தாள். லொட்ஜுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பேசுகிற அதே மரியாதையோடு கேட்டாள்:

“நீங்கள் எந்த ஊர்?”

குணம் அண்ணை சிரித்தார். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு குடும்பமும் சிரித்தது. நாற்பது நிமிஷம் நிற்காமல் பேசிய என் வாய்க்கு அன்றைக்கு ஒரு சொல்தான் வந்தது.

“கொடிகாமம்,” என்றேன்.

அபியின் முகம் மலர்ந்துவிட்டது. சொந்தம் பிடித்துவிட்டாள். “எங்கட அம்மாவும் கொடிகாமம்தான்!” என்றாள்.

அபி இப்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், அஜக்ஸில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். தினமும் ரயிலில்தான் வேலைக்குப் போய் வருகிறாள். ஆனால் அதன் தண்டவாள அகலம் என்ன என்று கேட்டால் எழும்பிப் போய்விடுவாள். விருந்துகளில் நான் ரயிலை எடுத்தால், மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்து, “அங்கிள், நீங்கள் எந்த ஊர்?” என்று குரல் கொடுப்பாள். நான் “கொடிகாமம்” என்று சொல்லவேண்டும். அதுதான் முறை. உடனே பேரப்பிள்ளைகள் இரண்டும், தமிழில் அவர்களுக்கு முழுசாகத் தெரிந்த ஒரே வசனத்தை, தங்கள் கனடாத் தமிழில் சேர்ந்து கத்துவார்கள்: “எங்கட அம்மாவும் கொடிகாமம்தான்!” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வசந்தி மட்டும் அந்த நேரம் பார்த்து எழும்பி, தேத்தண்ணி போடப் போவாள்.